பழைய கிட்டார் ஆம்ப் மக்கர் செய்தால் எங்கிருந்து பார்ப்பது

சத்தத்தில் கொஞ்சம் கரகரப்பு வந்தாலே வால்வு, அதாவது ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய், போச்சு என்று முடிவு கட்டி, ஒரு ஜோடி 6எல்6 பவர் வால்வு வரவழைத்து, அதை மாட்டியும் அதே கரகரப்பு கேட்கிறதே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறவர்கள் நம் கூட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வால்வு கெடாது என்று சொல்லவில்லை, கெடும். ஆனால் 60களிலோ 70களிலோ செய்த ஒரு ஆம்ப் சிங்கப்பூரில் படுத்துக்கொண்டால் நான் சந்தேகப்படுகிற வரிசை வேறு. முதலில் வோல்ட்டேஜ், அடுத்து ஈரத்தில் கறுத்துப்போன தொடுமுனைகள், அப்புறம் காய்ந்துபோன கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள்), கடைசியில்தான் வால்வு. உங்கள் ஆம்ப் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம், ஆனால் அடுத்த பத்தியை மட்டும் தாண்ட வேண்டாம்.

ஃபெண்டரின் ட்வின் ரிவர்ப் ஆம்புக்குள் 450 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும், சில ஆம்ப்களில் வெகுநேரம். பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டமான சேசிஸைக் கழற்றினால் முதல் வேலை, 10 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் ஒரு முனையை முதலைக் கிளிப்பால் சேசிஸில் பிடித்து, மறுமுனையை நன்றாகக் காப்பிட்ட கம்பி வழியாக டிசியைச் சீராக்கும் ஒவ்வொரு ஃபில்டர் கெப்பாசிட்டரின் பிளஸ் முனையிலும் சில நொடிகள் வைப்பது. பிறகு மல்டிமீட்டரை டிசியில் வைத்து 10 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பார்ப்பது. ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்க ஷார்ட் செய்வது வீடியோவில் வீரமாகத் தெரியும், அவ்வளவுதான். ஆம்ப் ஓடும்போது உள்ளே அளக்க வேண்டி வந்தால் ஒரு கை மட்டும், மற்றது முதுகுக்குப் பின்னால். இதைப் படிக்கும்போதே தயக்கமாக இருந்தால் பெட்டியைத் திறக்காமல் செய்யக்கூடியதை மட்டும் செய்யுங்கள், அதிலேயே நிறையப் பிடிபடும்.

ஆன் செய்தால் விளக்கே எரியவில்லை

மூன்று முள் பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறது, அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதையும், ஆம்பின் பின்னால் இருக்கும் கண்ணாடி ஃபியூஸையும் கண்ணால் பார்க்காமல் மீட்டரில் வைத்துப் பாருங்கள். கம்பி முழுசாகத் தெரிந்தும் உள்ளே மூடியருகே விட்டுப்போன ஃபியூஸ்கள் உண்டு. பிளக்கில் 13 ஆம்பியர் இருந்தால் 3 ஆம்பியராக மாற்றிவிடுங்கள், ஆம்புக்கு அது போதும்.

ஃபியூஸின் கண்ணாடி கருகி, வெள்ளி பூசினாற்போல் இருந்தால் உள்ளே எங்கோ பலமான ஷார்ட். கம்பி நடுவில் சும்மா அறுந்திருந்தால் வயதாகிப் போயிருக்கலாம், புதுசு ஒன்று போட்டுப் பார்க்கலாம். அதே மதிப்பு, அதே ஸ்லோ புளோ வகை. அதுவும் போனால் அதைவிடப் பெரிய ஃபியூஸ் போடுகிற யோசனையே வேண்டாம், போகப்போவது அடுத்து டிரான்ஸ்ஃபார்மர்தான். பவர் வால்வுகளை எல்லாம் கழற்றிவிட்டு இன்னொரு ஃபியூஸ் போடுங்கள். இப்போது ஃபியூஸ் தாங்கினால் பவர் வால்வு ஒன்று ஷார்ட், அல்லது அந்த வால்வுகளின் கரண்டை அடக்கிவைக்கும் பயஸ் வோல்ட்டேஜ் போயிருக்கிறது. தாங்கவில்லை என்றால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வையும், ஜிஇசட்34 மாதிரி ஒன்று இருந்தால், எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்போது தாங்கினால் அந்த வால்வு அல்லது ஃபில்டர் கெப்பாசிட்டர். அதையும் எடுத்தும் போகிறதென்றால் டிரான்ஸ்ஃபார்மர், அல்லது அதைச் சுற்றிய ஒயரிங். ரெக்டிஃபையர் வால்வுக்குப் பதில் டயோடு உள்ள ஆம்ப் என்றால் டயோடாகவோ ஃபில்டர் கெப்பாசிட்டராகவோகூட இருக்கலாம்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு ஃபியூஸ் எரிக்க மனமில்லாதவர்கள் சீரியல் பல்பு ஒன்று செய்துகொள்ளலாம். ஆம்புக்குப் போகும் லைவ் கம்பியில் 60 அல்லது 100 வாட் இழை பல்பைத் தொடரில் கோர்ப்பது, அவ்வளவே. ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருக்கும், இல்லையென்றால் ஒரு நொடி பளிச்சிட்டு மங்கிவிடும். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. இழை பல்பு கிடைக்காவிட்டால் ஹாலஜன் போதும்.

இங்கேதான் வோல்ட்டேஜ் கதையும் வருகிறது. நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து வந்தது 117 அல்லது 120, ஜப்பானிலிருந்து வந்தது 100. இரண்டாம் கையில் வாங்கும்போது பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் சொருகி ஒரே நொடியில் ஆம்பைச் சமாதி கட்டியவர்கள் உண்டு. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் சுற்றுக்கம்பியோடு கனமாக இருப்பதை வாங்குங்கள், ஹேர் டிரையருக்கென்று விற்கிற இலேசான பயண கன்வெர்ட்டர் வேண்டாம். ட்வின் மாதிரி பெரிய ஆம்புக்கு 300 வாட்டுக்குக் குறையாதது. இன்னொன்று: 110 என்று எழுதியிருக்கும் பெட்டியில் மீட்டரை வைத்தால் 115 வரும் வாய்ப்பு அதிகம். அதில் ஜப்பானிய 100 வோல்ட் ஆம்பை ஓட்டினால் 6.3 இருக்க வேண்டிய ஹீட்டர் வோல்ட்டேஜ் 7.2 ஆகிவிடும். 6.9க்கு மேல் போனாலே வால்வின் ஆயுளைக் குறைக்கிறீர்கள் என்று அர்த்தம். அதற்கென்று 100 வோல்ட் பெட்டி தனியாக உண்டு. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மர் நம் 50ல் கூடுதலாகச் சூடாகும், அதனால் இரவு முழுக்க ஆனில் விட்டுவிட்டுத் தூங்கக் கூடாது.

யாராவது முன்பே டிரான்ஸ்ஃபார்மரை மாற்றி 230க்குக் கொண்டுவந்த ஆம்பா? அப்படியானால் ஃபியூஸும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 120ல் 2 ஆம்பியர் போட்ட இடத்தில் 230க்கு 1 ஆம்பியர்தான் வேண்டும். பழைய ஃபியூஸை அப்படியே விட்டிருந்தால் காவலுக்கு ஆள் இல்லாத வீடுதான் அது.

தொட்டால் சுருக்கென்கிறது, அல்லது வீட்டு மின்சாரமே டிரிப் ஆகிறது

பாடிக்கொண்டே கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு மைக்கில் உதடு படும்போதுதான் இது தெரியும். அந்த நொடியே நிறுத்துங்கள். பழைய அமெரிக்க ஆம்ப்களில் இரண்டு முள் கம்பியும், லைனிலிருந்து சேசிஸுக்கு ஒரு சின்னக் கெப்பாசிட்டரும், அதைத் திருப்பிவிட ஒரு கிரவுண்ட் சுவிட்சும் இருக்கும். அந்தக் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பி நேராக லைவோடு சேர்ந்துவிடும். அதை வெட்டி எறிந்துவிட்டு மூன்று கம்பி ஒயர் போட்டு, எர்த்தைச் சேசிஸில் தனி போல்ட் வைத்து இறுக்குவதுதான் சரி. அசல் நிலை கெட்டுவிடும், விற்கும்போது விலை போகாது என்று தயங்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

மின் கசிவைக் கண்டால் விழுகிற காப்பு சுவிட்சான வீட்டு ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும். ஆம்பை ஆன் செய்ததும் அது விழுந்தால் ஆர்சிசிபி மேல் குறையில்லை, ஆம்பிலிருந்து எர்த்துக்குக் கரண்ட் கசிகிறது. எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் டிரிப் நின்றுவிடும் என்று சொல்லிக்கொடுக்கிற அண்ணன்மார்கள் இருக்கிறார்கள். நிற்கும்தான், அதன் பிறகு அந்தக் கசிவுக்கு வழி உங்கள் உடம்பு.

விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை

ஸ்டாண்ட்பை சுவிட்ச், வால்யூம், கேபிள். சிரிக்காதீர்கள், கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு ஸ்பீக்கர் அருகே காதை வையுங்கள். மெல்லிய இரைச்சல் கேட்டால் பவர் பகுதி உயிரோடு இருக்கிறது, குறை அதற்கு முன்னால். கல்லறை அமைதி என்றால் முதலில் ஸ்பீக்கர் பக்கம் பாருங்கள். ஸ்பீக்கரைக் கழற்றி அதன் முனைகளில் 9 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டால் டப்பென்று கோன் அசைய வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6, 7 என்றுதான் காட்டும், அது கோளாறு அல்ல. பழைய ஃபெண்டர்களில் முதன்மை ஸ்பீக்கர் ஜாக்கில் ஒன்றும் சொருகாவிட்டால் அது அவுட்புட்டையே ஷார்ட் செய்துவிடும், அதனால் ஸ்பீக்கரை எக்ஸ்டென்ஷன் ஜாக்கில் மட்டும் போட்டுவிட்டுச் சத்தம் வரவில்லை என்று தேடக் கூடாது. ஸ்பீக்கரே இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டிப் பார்ப்பதும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

80களுக்குப் பிறகு வந்த, எஃபெக்ட்ஸ் லூப் (வெளி எஃபெக்ட் பெட்டியைக் கோர்க்கும் செண்ட், ரிட்டர்ன் ஜாக்குகள்) உள்ள ஆம்ப் என்றால் முதல் சோதனை இதுதான்: செண்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு குட்டைக் கேபிள் போடுங்கள். சத்தம் திரும்பிவிட்டால் ரிட்டர்ன் ஜாக்கின் உள் தொடுமுனை கறுத்திருக்கிறது. யாரும் பல வருடம் சொருகாத ஜாக், நம் ஊர் காற்று, வேறென்ன ஆகும். கான்டாக்ட் கிளீனர் தெளித்துப் பிளக்கைப் பத்துப் பதினைந்து முறை உள்ளே வெளியே இழுத்தால் சரி.

ஹம்

ஹம், அதாவது விடாமல் கேட்கும் ரீங்காரம், ஒரே நோய் அல்ல, அதனால் முதலில் சுருதி பிடியுங்கள். கிட்டாரின் தடித்த ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை வாசித்தால் ஜி, 98 ஹெர்ட்ஸ். ஆம்பின் இரைச்சல் அதோடு கிட்டத்தட்ட ஒட்டி, கொஞ்சம் முரட்டுத்தனமாக ஒலித்தால் அது 100 ஹெர்ட்ஸ், அதாவது ரெக்டிஃபையருக்குப் பின்னால் வருவது. ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது என்பதுதான் வழக்கமான காரணம். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, பேஸ் கிட்டாரில் அதே இடம் 49, மிருதுவாக ஒலித்தால் 50 ஹெர்ட்ஸ்: ஹீட்டர் ஒயரிங், கிரவுண்ட் லூப் (இரண்டு வழியாக எர்த் ஆவது), அல்லது கிட்டார் பிக்கப் வெளியிலிருந்து வாங்குவது. அமெரிக்கர்கள் சொல்லும் வீடியோக்களில் 60, 120 என்று வரும், அவர்கள் சொல்கிற சுவரம் நமக்குப் பொருந்தாது.

அடுத்து கிட்டார் கேபிளை உருவிவிடுங்கள். ஹம் போய்விட்டால் ஆம்ப் நல்லவன். சிங்கிள் காயில் கிட்டாரைப் பிடித்தபடி அறையில் மெல்லச் சுற்றுங்கள், ஒரு திசையில் குறைந்து இன்னொரு திசையில் ஏறும். டிம்மர் விளக்கு, ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்இடி டிரைவர், ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். செல்பேசி அருகில் இருந்தால் கேட்கும் அந்த டட்டட் டட்டட் ஓசை மட்டும் 2017ல் இங்கே 2ஜி சேவையை மூடியதோடு போய்விட்டது, அதற்காக யாரும் அழவில்லை.

கிட்டார் இல்லாமலும் இருக்கிறதா? வால்யூமைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் பவர் சப்ளை அல்லது அவுட்புட் பகுதி. 70களின் ஃபெண்டர்களில் பின்னால் ஹம் பேலன்ஸ் அல்லது வால்வுச் சமன் என்று ஒரு சின்னத் திருகு குமிழ் இருக்கும், இரைச்சல் குறைகிற இடம்வரை அதைத் திருப்பிப் பார்ப்பதில் செலவில்லை. வால்யூமோடு ஏறி இறங்கினால் கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப் பக்கம். ஆம்பை அணைத்து, இன்புட் ஜாக்குக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன வால்வை முதலில் எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள், பிறகு அடுத்தது, அடுத்தது. எதை எடுத்ததும் ஹம் நிற்கிறதோ, அந்தக் கட்டத்திலோ அதற்கு முன்போதான் கோளாறு. சின்ன வால்வுகளை இப்படி எடுப்பதால் ஆம்புக்கு ஒன்றும் ஆகாது.

கெப்பாசிட்டர் என்று முடிவானால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். எலக்ட்ரோலிட்டிக் வகை இருபது வருடம் ஓடினாலே பெரிய விஷயம், ஐம்பது வருடம் ஆனதில் ஒன்று போயிருந்தால் மற்றவை வரிசையில் நிற்கின்றன. பயஸ் பகுதியில் இருக்கும் சின்னதையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். வோல்ட்டேஜ் மதிப்பு அதே அல்லது கூடுதல், பிளஸ் மைனஸ் திசையை இரண்டு முறை பார்த்து.

மேடையில் மட்டும் ஹம் என்றால் ஆம்பும் மிக்சரும் வெவ்வேறு பிளக்கில் இருக்கின்றன. ஒரே எக்ஸ்டென்ஷனில் கொண்டுவாருங்கள், ஆம்பையும் மிக்சரையும் இணைக்கும் டிஐ பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள்.

கரகரப்பு, பொரிதல், திடீர் வெடிப்பு

நம் ஊருக்கென்றே உள்ள நோய் இது.

வால்யூம், டோன் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் அழுக்கு. எலெக்ட்ரானிக்ஸுக்கான கான்டாக்ட் கிளீனரைக் குமிழின் உள்ளே தெளித்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கிற ஸ்பிரே வேண்டாம். சுத்தம் செய்த சில நாளிலேயே கரகரப்பு திரும்பிவிட்டால் அது அழுக்கு அல்ல, குமிழுக்கு டிசி வருகிறது, அதற்கு முன்னால் டிசியைத் தடுத்து ஒலியை மட்டும் விட வேண்டிய கப்ளிங் கெப்பாசிட்டர் கசிகிறது.

கை வைக்காமலே பொரிந்தால், ஆம்ப் ஓடும்போது ஒவ்வொரு வால்வையும் உலர்ந்த மரக்குச்சியால் இலேசாகத் தட்டுங்கள். உணவங்காடியில் நூடுல்ஸோடு தருகிற சாப்ஸ்டிக் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். டிங் என்று மணி அடித்தாற்போல் கேட்டால் அந்த வால்வு மைக்ரோஃபோனிக், அதாவது அதிர்வை மைக் மாதிரி ஒலியாக்குகிறது. பொரிந்து நின்றால் சாக்கெட் தொடுமுனை தளர்ந்திருக்கிறது, அணைத்துவிட்டு வால்வை நாலைந்து முறை எடுத்துப் போட்டாலே பாதி சரியாகும். சேசிஸ் திறந்திருந்தால் அதே குச்சியால் ரெசிஸ்டர்களையும் சால்டர் இணைப்புகளையும் தொட்டுப் பார்க்கலாம், ஆனால் குச்சியைத் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது. ப்ரீஆம்ப் வால்வுகளின் பிளேட்டில் இருக்கும் 100 கிலோ ஓம் கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்கள் இதற்குப் பெயர் போனவை, ஈரத்தில் மதிப்பும் நகரும். அந்த இடங்களில் மெட்டல் ஃபிலிம் போட்டால் ஒலி மாறிவிடும் என்பார்கள். எனக்குக் கேட்கவில்லை.

இதெல்லாம் செய்தும் பொரிதல் நிற்கவில்லை, மழைக்காலத்தில் கூடுகிறது, ஒரு மணி நேரம் ஓடியதும் குறைகிறது என்றால் பலகையைச் சந்தேகப்படுங்கள். பழைய ஃபெண்டர்களில் பாகங்கள் மெழுகூட்டிய கறுப்பு நார்ப் பலகையில் பொருத்தப்பட்டிருக்கும். அது பல வருட ஈரத்தைக் குடித்துவிட்டு, கரண்ட் கடத்தக் கூடாத பலகை கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்தத் தொடங்கும். சோதிப்பது சுலபம்: மீட்டரின் கறுப்பு முனை சேசிஸில், சிவப்பு முனை பலகையின் வெறும் இடத்தில், எந்த இணைப்பும் இல்லாத இடத்தில். அங்கே சில வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் பலகை கசிகிறது. இந்தச் சோதனைக்கு ஆம்ப் ஓட வேண்டும், எனவே ஒரு கை மட்டும் என்ற விதியை மறக்க வேண்டாம். அணைத்து, கெப்பாசிட்டர்களின் வோல்ட்டேஜை இறக்கிவிட்டு, ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து நிதானமாக உலர்த்தினால் சில மாதம் தாங்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் சிக்கலான சில புள்ளிகளைப் பலகையிலிருந்து தூக்கித் தனி முனைகளில் கட்ட வேண்டும், அது டெக்னீஷியன் வேலை.

குளிரூட்டிய ஒத்திகை அறையிலிருந்து ஆம்பை நேராக அடுக்குமாடியின் கீழே திறந்தவெளியான வாய்ட் டெக்கில் நடக்கும் கல்யாணத்துக்குத் தூக்கிப்போகிறவர்கள், இறக்கியவுடன் ஆன் செய்ய வேண்டாம். குளிர்ந்த உலோகத்தில் வெளிக்காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும். அரை மணி நேரம் பின்பக்கம் திறந்தபடி வைத்துவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள், எப்படியும் சவுண்ட் செக் நேரத்துக்கு நடக்கப் போவதில்லை.

சூடானதும் சத்தம் குறைகிறது, பவர் வால்வு சிவக்கிறது

வால்வின் நடுவில் ஆரஞ்சு வெளிச்சம் இயல்பு. கண்ணாடியின் உட்புறத்தில் நீல ஒளி தெரிந்தாலும் பயமில்லை. மேலே இருக்கும் வெள்ளி நிறப் பூச்சு பால் வெள்ளையாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். சாம்பல் நிறப் பிளேட்டே மங்கிய சிவப்பாகத் தெரிந்தால் உடனே அணைக்க வேண்டும், பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

எல்லா வால்வும் சிவந்தால் பயஸ் சப்ளை. ஒன்று மட்டும் என்றால் அதை இன்னொரு இடத்து வால்வோடு மாற்றிப் போட்டுக் கொஞ்ச நேரம் மட்டும் பாருங்கள். சிவப்பு வால்வோடு நகர்ந்தால் வால்வு, அதே சாக்கெட்டில் தங்கினால் அங்கே வரும் கப்ளிங் கெப்பாசிட்டர் அல்லது கிரிட் ரெசிஸ்டர். பவர் வால்வுகளை எடுத்துவிட்டு, சாக்கெட்டில் பயஸ் வந்து சேரும் கிரிட் முனையில் அளந்தால் உறுதியாகும், 6எல்6, 6வி6, இஎல்34 எல்லாவற்றுக்கும் அது ஐந்தாம் பின், இஎல்84க்கு இரண்டு. பயஸ் வோல்ட்டேஜ் முழுசாக வர வேண்டிய இடத்தில் குறைவாக வந்தால் கசிவு. வாக்ஸ் ஏசி30 போன்ற, தனி பயஸ் சப்ளை இல்லாத கேதோட் பயஸ் ஆம்ப்களில் அங்கே சுழியம்தான் வர வேண்டும், பிளஸ் பக்கம் வோல்ட்டேஜ் தெரிந்தால் கெப்பாசிட்டரை மாற்றுங்கள். ஏசி30 இயல்பாகவே அடுப்பு மாதிரி சூடாகிற ஆம்ப், அதை அலமாரிக்குள் வைத்து வாசிக்க வேண்டாம்.

ரிவர்ப், ட்ரெமலோ

ரிவர்ப் (எதிரொலி) இல்லை என்றால் அதை உண்டாக்கும் ஸ்பிரிங் தொட்டியின் இரு பக்கமும் போகும் ஆர்சிஏ பிளக்குகளைத் திருகிப் பாருங்கள். பிறகு கழற்றி ஓம் அளவு: வழக்கமான ஃபெண்டர் தொட்டியில் இன்புட் பக்கம் ஏறக்குறைய 1 ஓம், அவுட்புட் பக்கம் 200 அளவில். எல்லையில்லா ஓம் காட்டினால் முடி போன்ற கம்பி அறுந்திருக்கிறது. ட்ரெமலோ (சத்தம் அலைபோல் ஏறி இறங்குவது) வேலை செய்யவில்லை என்று கொண்டுவரும் பழைய ஃபெண்டர்களில் பல நேரம் கால் சுவிட்ச் வீட்டில் இருக்கும். அது இல்லாமல் அந்த ட்ரெமலோ ஓடாது, உள்ளே ஷார்ட் செய்த ஆர்சிஏ பிளக் ஒன்றைச் சொருகினால் போதும்.

எக்கோவும் கீபோர்டும்

டேப்பில் எக்கோ தரும் ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ மெஷினில் எக்கோ மந்தமாக, மேல் ஒலி செத்துக் கேட்டால் ஹெட்டில் அழுக்கு. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் பஞ்சுக்குச்சியும் போதும். பழைய எக்கோ அழியாமல் பேய் மாதிரி பின்னால் ஒலித்தால் அழிக்கும் ஹெட். டேப் தேய்ந்துபோகிற பொருள், அது தீர்ந்ததற்கு மெஷினைக் குறை சொல்லக் கூடாது.

1983ல் வந்த யமஹா கீபோர்டான டிஎக்ஸ்7 பேட்டரியை மாற்றச் சொல்லித் திரையில் கெஞ்சினால், முதலில் ஒலிகளை மிடி வழியாகக் கணினியில் சேமியுங்கள். பேட்டரி உள்ளே சால்டர் செய்த சிஆர்2032, எடுத்த மறுநொடி எல்லாம் அழிந்துவிடும். மாற்றும்போது சாக்கெட் ஒன்று போட்டுவிட்டால் அடுத்த தடவை சால்டரிங் அயர்ன் வேண்டாம். ரோலண்ட் கீபோர்டான ஜூனோ 106ல் ஆறில் ஒரு சுவரம் மட்டும் பொரிந்தாலோ ஊமையானாலோ குரல் சிப் போயிருக்கிறது. கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தியபடி ஆன் செய்தால் வாசிக்கும் ஒவ்வொரு சுவரத்துக்கும் எந்தக் குரல் என்ற எண் திரையில் வரும். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உதிரிபாகமும் டெக்னீஷியனும்

சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடியதிலிருந்து பழைய ரேடியோவைப் பத்து வெள்ளிக்கு வாங்கி வால்வைப் பிடுங்குகிற காலம் போய்விட்டது. ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஃபியூஸ், ஜாக் எல்லாவற்றுக்கும் சிம் லிம் டவர் போங்கள், கணினி விற்கிற சிம் லிம் ஸ்கொயர் அல்ல. மாற்ற வேண்டிய பாகத்தைக் கையோடு எடுத்துப்போனால் பேரம் பேசுவதைவிட வேலை சீக்கிரம் முடியும். டெக்னீஷியனிடம் கொடுப்பதாக இருந்தால் "சத்தம் சரியில்லை" என்று மட்டும் எழுதி ஒட்டாதீர்கள். எத்தனை நிமிடத்தில் வருகிறது, எந்தச் சேனலில், வால்யூமோடு மாறுகிறதா, எந்த வால்வை எடுத்தால் நிற்கிறது என்று எழுதுங்கள். அவர் மணிக்கணக்கில் காசு வாங்குகிறவர். கால் சுவிட்சையும் சேர்த்துக் கொடுங்கள்.